குழல் ஆடுகிறதா? மடக்குத் துப்பாக்கியைச் சோதித்துப் பார்க்கும் முறை

தென்காசி மாவட்டத்தில் மலையை ஒட்டிய வயல்களிலும் தோப்புகளிலும் பன்றிக்கும் யானைக்கும் காவல் கிடப்பது புதிதல்ல. வடகரை, மேக்கரை, பண்பொழி, கடையம், சிவகிரி போன்ற அடிவாரப் பகுதிகளில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கிய 12 போர் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. தாத்தா பெயரில் இருந்த உரிமம் அப்பாவுக்கு மாறி, பிறகு மகனுக்கு வந்திருக்கும். கூடவே துப்பாக்கியும் கை மாறி வந்திருக்கும். அதை ஒருமுறையாவது முழுதாகக் கழற்றிப் பார்த்தவர்கள் குறைவு. நடுவில் மடித்துத் தோட்டா போடுகிற ஒற்றைக் குழல், ரெட்டைக் குழல் துப்பாக்கிகளில் வயதாக ஆக வருகிற ஒரு கோளாறு, குழல் தன் இடத்தில் இறுக்கமாக உட்காராமல் ஆடுவது. அதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். சரிசெய்வதுதான் வீட்டு வேலை இல்லை.

முதலில் எது எதைப் பிடித்திருக்கிறது என்று தெரிய வேண்டும். குழலின் அடியில், தோட்டா போடும் முனைப் பக்கம், ஒன்றோ இரண்டோ இரும்புக் கட்டிகள் கீழே இறங்கியிருக்கும். அவற்றுக்கு லம்ப் என்று பெயர். முன்னால் இருக்கும் லம்பில் அரைவட்டமாக ஒரு வளைவு வெட்டியிருப்பார்கள். கட்டையோடு சேர்ந்த இரும்பு உடலுக்கு ஆக்ஷன் என்று பெயர். அதன் முன்நுனியில் குறுக்கே ஒரு பின் இருக்கும். லம்பின் வளைவு அந்தப் பின்னைப் பின்புறமிருந்து கவ்விக்கொள்ளும். துப்பாக்கி மடிவது இந்தக் கீலில்தான். துப்பாக்கியை மூடும்போது லம்பில் உள்ள வெட்டுகளுக்குள் ஒரு தாழ் வந்து நுழையும். மேலே கட்டைவிரலால் தள்ளுகிறோமே லீவர், அது இந்தத் தாழை இழுக்கத்தான். லண்டனில் பர்டி கம்பெனி 1863-இல் காப்புரிமை வாங்கிய இரட்டைத் தாழ் முறைதான், சிற்சில மாறுதல்களோடு, இன்றைக்கும் பக்கத்தில் பக்கத்தில் குழல் வைத்த பெரும்பாலான துப்பாக்கிகளில் இருக்கிறது.

தோட்டா வெடிக்கும்போது கீலும் தாழும் வெவ்வேறு வேலை செய்கின்றன. வெடித்த வாயு தோட்டாவின் அடியைப் பின்னால் தள்ளும். அது ஆக்ஷனின் செங்குத்தான பின்சுவரில் போய் முட்டும். குழலோ முன்னால் ஓடப் பார்க்கும். அப்படி ஓடாமல் பிடிப்பது கீல் பின்னும் லம்பின் வளைவும். கீல் கீழே இருக்கிறது, விசை மேலே குழலின் நடுவில் இருக்கிறது. அதனால் குழலின் பின்முனை மேலே எழும்பவும் பார்க்கும். அதை அமுக்கிப் பிடிப்பது தாழ். பின் தேய்ந்தால் ஒரு விதமான ஆட்டம் வரும், தாழ் தேய்ந்தால் வேறு விதம். "குழல் லூசா இருக்கு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிக் கடைக்காரரிடம் நீட்டினால் எது தேய்ந்தது என்பது அதில் தெரியாது.

அந்த ஒரு கணத்தில் உள்ளே எழும் அழுத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். சாதாரண 12 போர் தோட்டாவுக்கு ஐரோப்பியத் தரவிதி அனுமதிக்கும் உச்சம் 740 பார். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல முந்நூறு மடங்குக்கும் மேல். சுடுகிறவரின் கண்ணும் கன்னமும் அந்த மூட்டிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில்தான் இருக்கின்றன. குழலுக்கும் பின்சுவருக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டால் தோட்டாவின் அடிக்கு முழுத் தாங்கல் இல்லை. அடி பிளந்தாலோ அதன் நடுவில் இருக்கும் கேப் பிதுங்கினாலோ சூடான வாயு அந்த இடுக்கு வழியாக முகத்தைப் பார்த்து வரும். இத்தனை விரிவாக எழுதக் காரணம் அதுதான்.

சோதனைக்கு வருவோம். துப்பாக்கியை மடித்து, தோட்டா அறைகள் இரண்டையும் கண்ணால் பார்த்து, விரல் விட்டும் தடவிப் பாருங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். அதற்குப் பிறகுதான் மற்றவை.

பலரும் துப்பாக்கியை அப்படியே மூடி, கையில் பிடித்து உலுக்கிப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். இந்தச் சோதனை ஏமாற்றும். குழலுக்கு அடியில் முன்கை பிடிக்கிற மரக்கட்டை இருக்கிறதல்லவா, அந்த முன்கட்டையின் உள்ளே இருக்கும் இரும்பு ஆக்ஷனின் முன்நுனியில் அழுத்தி உட்கார்ந்து, குழலை முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்திருக்கும். வளைவு தேய்ந்திருந்தாலும் இந்த அழுத்தத்தால் அது பின்னோடு ஒட்டி நிற்கும். ஆட்டமே தெரியாது. நன்றாகத் தேய்ந்த துப்பாக்கிகூட முன்கட்டை போட்டிருக்கும்வரை இறுக்கமாகத்தான் இருக்கும். விற்கிறவர் உலுக்கிக் காட்டி நம்ப வைப்பதும் இதனால்தான்.

ஆகவே முன்கட்டையைக் கழற்றிவிடுங்கள். துப்பாக்கி மூடியே இருக்கட்டும். முன்கட்டை இல்லாமல் மடித்தால் குழல் கீலிலிருந்து கழன்று காலில் விழும். ஒரு கையால் குழலைப் பிடித்து, மற்றக் கையால் கட்டையின் மெலிந்த கழுத்துப் பகுதியைப் பிடியுங்கள். கழுத்தைப் பிடித்த கையின் கட்டைவிரல் குழலும் பின்சுவரும் சேரும் கோட்டின்மேல் இருக்கட்டும். இப்போது மெதுவாக மூன்று திசைகளில் அசையுங்கள். முன்னும் பின்னுமாக இழுத்துத் தள்ளுங்கள், மேலும் கீழுமாக வளைக்கப் பாருங்கள், இடமும் வலமுமாகத் திருகிப் பாருங்கள். பலம் வேண்டாம். ஆட்டம் இருந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கட்டைவிரலுக்குத் தெரியும், "டக்" என்று சின்னச் சத்தமும் கேட்கும். முன்பின்னாக அசைந்தால் பெரும்பாலும் கீல் பின்னோ வளைவோ தேய்ந்திருக்கிறது. குழலின் பின்முனை மேலே எழும்பி இறங்கினால் தாழும் வெட்டுகளும். பக்கவாட்டில் ஆடினால் லம்ப் இறங்கும் பள்ளத்தின் சுவர்கள் அகன்றிருக்கலாம், அல்லது லம்பின் பக்கங்கள் தேய்ந்திருக்கலாம். பழைய துப்பாக்கியில் இவை கலந்தே வரும். ஆனால் எது தூக்கலாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். குற்றாலச் சாரல் நம் ஊர்க் காற்றையே மாற்றிவிடுகிறது. ஆனியும் ஆடியும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்றில் மரம் ஊதும், பங்குனி சித்திரை வெயிலில் சுருங்கும். ஊதியிருக்கும்போது முன்கட்டை இறுகி, துப்பாக்கி திறக்கவே கடினமாகி, எல்லாம் திடமாக இருப்பது போலத் தோன்றும். சுருங்கும்போது முன்கட்டையே தன் இரும்பில் லொடலொடக்கும். அதைக் கேட்டுக் குழல் ஆடுகிறது என்று பயப்படுகிறவர்களும் உண்டு. முன்கட்டையைக் கழற்றியதும் சத்தம் நின்றுவிட்டால் கோளாறு மரத்தில். கழற்றிய பின்னும் மூட்டில் அசைவு இருந்தால் இரும்பில். அதோடு, சாரல் காலத்தில் ஒருமுறை சோதித்துச் சரியாக இருந்தது என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். கோடையிலும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது வெளிச்சச் சோதனை. அதற்கு முன் பின்சுவரையும், குழலின் பின்முகத்தையும், காலித் தோட்டாவை வெளியே தள்ளுகிற எக்ஸ்ட்ராக்டரின் அடியையும் துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் ஒரு மணல் துகளோ எரியாத மருந்துத் துணுக்கோ சிக்கினாலே அது அரை முடி அளவுக்குத் தூக்கி நிற்கும். துப்பாக்கி சரியாக மூடாது, இடைவெளி இருப்பது போலத் தெரியும். பல "கோளாறுகள்" இந்தத் துணித் துடைப்போடு போய்விடுகின்றன. துடைத்த பின் முன்கட்டையைத் திரும்ப மாட்டி, துப்பாக்கியை மூடி, பிரகாசமான ஜன்னலுக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்துப் பின்சுவருக்கும் குழலுக்கும் நடுவே பாருங்கள். வெளிச்சக் கோடு தெரியக் கூடாது. மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வெளிச்சம் தெரிந்தால் குழல் முன்னால் தள்ளி நிற்கிறது, கீல் பக்கம் தேய்மானம். மேலே மட்டும் அகன்று கீழே ஒட்டியிருந்தால் குழல் எழும்புகிறது அல்லது ஆக்ஷன் உடலே வளைந்திருக்கிறது. இரண்டாவதுதான் மோசமானது.

எவ்வளவு இடைவெளி என்று அளக்க டூவீலர் மெக்கானிக்குகள் டேப்பட் வைக்கப் பயன்படுத்தும் ஃபீலர் கேஜ் போதும். தென்காசி பஜாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டால் கிடைக்கும். மெல்லிய 0.05 மில்லிமீட்டர் தகட்டை மூடிய துப்பாக்கியின் அந்த இடுக்கில், பலவந்தம் இல்லாமல், மேலே, நடுவில், கீழே என்று நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் நல்லது. 0.05 நுழைகிறது என்றால் கடைக்குக் கொண்டுபோக வேண்டிய நேரம். 0.10 தாராளமாக உள்ளே போய் வந்தால் அந்தத் துப்பாக்கியில் இனி தோட்டா போட வேண்டாம் என்பது என் முடிவு. இது சட்டம் வகுத்த எல்லை இல்லை. கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் வெடிக்கிற ஒன்றில் நான் எடுக்கிற எச்சரிக்கை.

லீவரைப் பார்த்தும் ஓரளவு சொல்லலாம். புதுத் துப்பாக்கியை மூடினால் லீவர் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கமாக நிற்கும்படி பல தயாரிப்பாளர்கள் வைப்பார்கள். தாழ் தேயத் தேய அது நடுவுக்கு வந்து, பிறகு இடப்பக்கம் போகும். இடப்பக்கம் போயிருந்தால் தாழ் நிறைய வேலை பார்த்திருக்கிறது என்று பொருள். ஆனால் லீவர் நேராக நிற்பதை வைத்து மட்டும் துப்பாக்கி நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. கீல் பின் தேய்ந்தது லீவரில் தெரியவே தெரியாது.

துப்பாக்கி பேசாததை வெடித்த தோட்டாக்கூடு பேசும். பழைய காலிக் கூடுகள் இருந்தால் அடியைப் பாருங்கள். நடுவில் இருக்கும் கேப் அடித்தட்டைவிட வெளியே துருத்தி நிற்கிறதா? அடித்தட்டைச் சுற்றிப் புகைக்கரி வழிந்திருக்கிறதா? பித்தளை விளிம்புக்கு மேலே உப்பலோ பிளவோ இருக்கிறதா? கேப் வெளியே துருத்துவதற்குத் தோட்டா அறையின் விளிம்புப் பள்ளம் ஆழமாக வெட்டப்பட்டிருப்பதும் காரணமாகலாம். ஆனால் மேலே சொன்ன ஆட்டமும் இடைவெளியும் கூடவே இருந்தால் காரணத்தைத் தேடி வேறெங்கும் போக வேண்டாம். வெடித்த பிறகு துப்பாக்கியைத் திறக்கச் சிரமப்பட்டீர்கள் என்றால் அதையும் கணக்கில் சேருங்கள்.

இந்தத் தேய்மானம் ஏன் வருகிறது? எண்ணெய் இல்லாத கீல், அதில் ஒட்டிய மண், ஓங்கி அடித்து மூடுகிற பழக்கம் ஆகியவை மெதுவாகத் தின்கிற காரணங்கள். துரு வேறு. நம் பகுதியில் துப்பாக்கி அதிகம் சுடுவதில்லை, அதிகம் கிடக்கிறது. தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் நடத்தை விதிகள் மார்ச் 16-இல் அமலாகி, வாக்கு எண்ணிக்கை ஜூன் 4-இல் நடந்தது. இரண்டரை மாதம் எண்ணெய் படாமல் கிடந்த இரும்பு, திரும்பி வந்ததும் நேரே குற்றால சீசனின் ஈரத்துக்குள் போகிறது. பின்னில் படிந்த செந்துருவோடு துப்பாக்கியை மடித்து மடித்து மூடினால் அது அரப்பொடி போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். ஒப்படைக்கும் முன் பின்னிலும் வளைவிலும் லேசாக எண்ணெய் தடவிக் கொடுங்கள். வாங்கி வந்ததும் துடைத்துவிட்டுச் சோதியுங்கள்.

வேகமாகக் கெடுக்கிற காரணம் தோட்டா. இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் இரண்டரை அங்குலம், பெயரளவில் 65 மில்லிமீட்டர். இன்றைக்குப் பரவலாக இருப்பது 70 மில்லிமீட்டர் தோட்டா. தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் நீளம், வெடித்து வாய் விரிந்த பிறகு கூட்டுக்கு இருக்கும் நீளம். வெடிக்காத தோட்டாவின் வாய் உள்ளே மடிந்திருப்பதால் 70 மில்லிமீட்டர் தோட்டா 65 மில்லிமீட்டர் அறைக்குள் அலுங்காமல் போய் உட்காரும், துப்பாக்கியும் சுகமாக மூடும். வெடிக்கும்போது விரிகிற வாய்க்கு இடம் இருக்காது. அது குழல் குறுகும் இடத்தில் போய் நெருக்கும், அழுத்தம் ஏறும். ஒவ்வொரு வெடிக்கும் கீல் பின் கூடுதலாக ஓர் அடி வாங்கும். "போகுதே, மூடுதே, அப்புறம் என்ன" என்று நினைத்துச் சுட்ட துப்பாக்கிகள்தான் சீக்கிரம் ஆட்டம் காண்கின்றன. காட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையின் சக்திமான் தோட்டாவாக இருந்தாலும் வேறாக இருந்தாலும், பெட்டியின் மேல் உள்ள நீளத்தைக் குழலின் அடியில் உள்ள முத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அந்த முத்திரை எங்கே இருக்கும்? குழலைக் கழற்றித் திருப்பினால், லம்பின் இருபக்கமும் தட்டையாக இருக்கும் பரப்பில். பர்மிங்காமில் 1813-இல் சட்டப்படி அமைந்த சோதனைச் சாலை போன்ற இடங்களில், வழக்கத்தைவிட அதிக அழுத்தமுள்ள தோட்டாவை வெடித்துப் பார்த்துத் தேறிய குழலில் குத்திய அடையாளங்கள் அவை. நைட்ரோ என்ற சொல் இருந்தால் இன்றைய புகையில்லா மருந்துக்குச் சோதித்தது. கறுப்பு மருந்துக்கு மட்டும் சோதித்த குழல் என்றால், குறிப்பாகப் பாம்புத்தோல் போல வரி ஓடும் முறுக்குக் குழல் என்றால், இன்றையத் தோட்டா அதற்கு ஆகாது. கல்கத்தாவின் மேன்டன், ராடா போன்ற பெயர்களைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். பெயர் விற்றவரைச் சொல்லும். குழல் எதைத் தாங்கும் என்பதை முத்திரைதான் சொல்லும்.

ஆட்டம் இருப்பது உறுதியானால் நம் ஊரில் முதலில் வருகிற யோசனை, லேத் பட்டறையில் கொடுத்து ஒரு வெல்டு வைப்பது. தயவுசெய்து வேண்டாம். ரெட்டைக் குழலின் இரண்டு குழாய்களும் நடுப்பட்டையும் பெரும்பாலும் ஈயப்பற்றால் ஒட்டப்பட்டவை. லம்பில் சாதாரண ஆர்க் வெல்டின் சூடு ஏறினால் பற்று இளகி, பட்டை விட்டுப்போகும், குழலே நெளியும். இன்னொரு குறுக்குவழி, லம்பைச் சுத்தியலால் தட்டி இரும்பை விரித்து இறுக்குவது. மற்றொன்று, வளைவில் பித்தளைத் தகட்டுத் துண்டை ஒட்டுவது. இரண்டிலும் துப்பாக்கி இறுகிவிட்ட மாதிரி இருக்கும். சில வெடிகளில் தட்டிய இரும்பு மறுபடி நசுங்கும், தகடு நழுவும். நடுவில் வாங்கினவருக்கோ மகனுக்கோ அது தெரியாது. பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் லம்பின் பக்கங்களில் சுத்தியல் தழும்பு இருக்கிறதா, வளைவுக்குள் வேறு நிறத்தில் உலோகம் மின்னுகிறதா என்று அவசியம் பார்க்க வேண்டும்.

முறையான வேலை வேறு. கீல் பின்னைக் கழற்ற முடிகிற வகை என்றால் பழையதை எடுத்துவிட்டு, அளவில் சற்றே பெரிய பின்னைப் பொருத்துவார்கள். பின்னும் ஆக்ஷனும் ஒரே இரும்பில் கடைந்த வகை என்றால் வளைவில் மிக நுண்ணிய வெல்டால் உலோகம் ஏற்றி, பிறகு அரத்தால் ராவி உட்கார வைப்பார்கள். ராவும்போது விளக்குக் கரியைப் பின்சுவரிலும் வளைவிலும் பூசி, மூடித் திறந்து, எங்கே கரி ஒட்டுகிறதோ அந்த இடத்தை மட்டும் ஒரு தடவு. மறுபடி கரி, மறுபடி ஒரு தடவு. நாள்கணக்கில் ஆகும். வேலை தெரிந்தவர் கையில் இந்தக் கரி முழுப் பரப்பிலும் சீராக ஒட்டும்வரை துப்பாக்கி வெளியே வராது.

சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி துப்பாக்கி செய்ய, விற்க மட்டுமல்ல, பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும். பட்டறைக்காரர் நல்ல மனதோடு செய்து கொடுத்தாலும் அவர் மாட்டிக்கொள்வார், நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். பழுது பார்க்கும் உரிமம் உள்ள ஆயுதக் கடைக்குத்தான் போக வேண்டும். போகும் முன் உங்கள் உரிமம் செல்லுபடியாகும் எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியைக் கடையில் விடும்போது ஒப்படைத்ததற்குச் சீட்டு வாங்குங்கள்.

கேரள எல்லை பக்கத்தில் இருப்பதால் எழுகிற ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். புளியரை தாண்டினால் ஆரியங்காவு. அந்தப் பக்கம் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களின் உத்தரவின் பேரில் உரிமத் துப்பாக்கிக்காரர்கள் காட்டுப்பன்றியைச் சுட வழி இருக்கிறது. இந்தப் பக்கம் அப்படி இல்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டில், காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர்தான் சுடலாம். 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. உங்கள் கையில் இருக்கும் பயிர்ப் பாதுகாப்பு உரிமம் பன்றியைச் சுடும் அனுமதி ஆகாது.

பழுது பார்த்துத் துப்பாக்கி திரும்பி வரும்போது கடையிலேயே நின்று, முன்கட்டையைக் கழற்றச் சொல்லி, மூன்று திசை அசைவையும் கையால் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். 0.05 தகட்டைக் கையோடு கொண்டுபோய் நுழைத்துப் பாருங்கள். பின்னை மாற்றினார்களா, வளைவில் உலோகம் ஏற்றினார்களா என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். எந்த நீளத் தோட்டா போடலாம் என்பதையும் அதே பில்லில் எழுதச் சொல்லி, உரிமப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.